பேட்டரிக்கு வைத்த பொட்டு

ராமாமணிக்குச் சோமனூரில் இன்னொரு பெயர் உண்டு. ஹைட்ரஜன். அந்தப் பெயரை வைத்தவர் பங்காளியோ பகையாளியோ அல்ல, தாலி கட்டிய சுந்தரராஜுலுதான். அவருக்கு ஒரு விசைத்தறிக் கூடம், அதை ஒட்டி ஒரு மாடி வீடு, வீட்டு வாசலில் ஷட்டர் போட்ட ஷெட், ஷெட்டுக்குள் வெள்ளை அம்பாசிடர், அப்புறம் ஒரு மகள், ஒரு பெண்டாட்டி. யாராவது விசாரித்தால் இதே வரிசையில்தான் சொல்லுவார்.

பெயர் வந்த கதை அந்தக் காரிலிருந்து தொடங்குகிறது. அது ஓடுவதற்காக வாங்கிய கார் அல்ல, நிற்பதற்காக வாங்கிய கார். நூல் வாங்கப் போனாலும் பேங்கிற்குப் போனாலும் சுந்தரராஜுலு ஸ்கூட்டரில்தான் போவார். கல்யாணம், கோயில், துக்கம் என்று நாலு பேர் பார்க்கிற இடமாக இருந்தால் மட்டும் ஷட்டர் மேலே ஏறும். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் எந்த வண்டியின் பேட்டரியும் படுத்துவிடும். இந்தப் பேட்டரியும் படுத்தது, அதுவும் எங்கே தெரியுமா? பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டப வாசலில், பட்டுச் சட்டை பட்டு வேட்டியோடு அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது.

சாவியைத் திருகத் திருக கார் முக்கியதே தவிர கிளம்பவில்லை. தள்ளுவதற்கு ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. தள்ள வந்தவர்களில் முதல் ஆள் லட்சுமணசாமி. ராமாமணியின் அக்கா வெங்கடலட்சுமியின் புருஷன், ஆகவே சுந்தரராஜுலுவுக்குச் சகலை. தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே அவர் சத்தமாகச் சொன்னார்:

"சகலை, உங்க காருக்கு பெட்ரோலே வேண்டாமுங்க. பின்னால நின்னு தள்ள நாலு ஒரம்பரை சனம் இருந்தாப் போதும், ஓடிப்போகும்."

மண்டப வாசலே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள், பூக்காரி சிரித்தாள். அடுத்தவனை வைத்துச் சிரிப்பதில் சுந்தரராஜுலுவை மிஞ்ச ஆள் கிடையாது. தன்னை வைத்து ஒருத்தன் சிரித்துவிட்டால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த வாரமே கோயம்புத்தூர் போய் வீட்டில் வைத்துச் சார்ஜ் போடும் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். மெக்கானிக் கடைக்குப் பேட்டரியைக் கொண்டுபோனால் ஊருக்குத் தெரியும், லட்சுமணசாமிக்கும் தெரியும். வீட்டில் போட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் சார்ஜ் போடும்போது ஷட்டரைத் தரைவரை இழுத்துவிடுவார். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. காற்று வர வழி கிடையாது. வீட்டுக்குள்ளிருந்து போக ஒரு சின்னக் கதவு உண்டு, அதையும் சாத்திவிடுவார்.

முதல் தடவை போட்டபோது ராமாமணி காப்பி கொண்டுபோனாள். கதவைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பேட்டரிக்குள்ளே உலை கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம். பெட்டியின் விசை 'ஹை' என்ற பக்கத்தில் இருந்தது. சீக்கிரம் ஆகட்டும் என்று அவர் எப்போதும் 'ஹை'யில்தான் வைப்பார்.

ராமாமணி காங்கேயத்து எண்ணெய் மில்காரர் மகள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு வேட்டியில் பட்ட கறையை எடுப்பதற்குத்தான் பயன்பட்டது. அன்றைக்கு அது தானாக வாய்க்கு வந்தது.

"ஏனுங்க, ஷட்டரைக் கொஞ்சம் மேல தூக்கி வெய்யுங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வருமுங்க. காத்தோட்டம் வேணும். கிளிப்பைப் புடுங்கறதுக்கு முந்தி சுவிட்சை அமத்தோணும், இல்லாட்டி பொறி பறக்கும். பக்கத்துல நெருப்புக் கிருப்பு காட்டவே கூடாதுங்க, வெடிச்சுப்போகும். உள்ளாற இருக்கறது ஆசிட்டு."

சுந்தரராஜுலு காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கேஸ் இருந்தா நெருப்புக் காட்டக் கூடாதா? அப்போ உங்கக்கா புருஷனுக்கு வயித்துல இருக்கற கேஸுக்கு, அவரு பீடி பத்தவெச்சா காங்கேயம் வரைக்கும் பறந்துபோகோணுமே. போயி அடுப்பைப் பாரு போ."

அதைச் சொல்லிக்கொண்டே, சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கிக் காட்டினார். பட்டென்று ஒரு நீலப் பொறி. ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா, உசுரோடதான் இருக்கேன்" என்றார்.

அவள் பயந்தது அவருக்காகத்தான். அதைப் பயம் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி தனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கைத் தீர்க்க ஆடிப் பதினெட்டு வந்தது.

ஆடி நோம்பிக்கு லட்சுமணசாமியும் வெங்கடலட்சுமியும் வந்திருந்தார்கள். விருந்து முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சுந்தரராஜுலு எல்லாரையும் ஷெட்டுக்கு அழைத்தார். தறிக்கூடத்து ஃபிட்டர் பாலுசாமியையும் கூப்பிட்டு நிறுத்தினார். பானெட்டைத் தூக்கினார். ஷட்டர் அன்றைக்கு முழுதும் திறந்திருந்தது, காற்று நன்றாக வந்தது, பேட்டரியோ பல நாளாகச் சார்ஜ் போடாமல் சும்மா கிடந்தது.

"எங்கூட்டு விஞ்ஞானி ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கறா. கார் பேட்டரி பக்கத்துல தீக்குச்சி கிழிச்சா குண்டு மாதிரி வெடிக்குமாம். ராமாமணி, இப்படி முன்னால வா. பயந்தவங்க எல்லாம் அக்கட்டால போயிருங்க."

தீக்குச்சியைக் கிழித்துப் பேட்டரி மேலே பிடித்தார். குச்சி எரிந்து கருகியது. இன்னொன்று கிழித்தார். அதுவும் கருகியது. மூன்றாவது குச்சியைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்து, "நீயே காட்டும்மா, உன்ற ஹைட்ரஜன் எங்க போச்சு, கூப்பிட்டுப் பாரு" என்றார்.

சொல்வதற்கு அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சார்ஜ் ஏறும்போதுதான் வாயு வரும் என்ற வாக்கியம். அதைச் சொன்னால் அவர் வீட்டில் ரகசியமாகச் சார்ஜ் போடுவது லட்சுமணசாமிக்குத் தெரிந்துவிடும். அது சுந்தரராஜுலுவுக்கும் தெரியும். அவர் கண் சிரித்துக்கொண்டே அவளைக் குத்திக்கொண்டிருந்தது. சொல்லேன் பார்க்கலாம் என்றது. அவள் குச்சி எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்த குச்சி விரலைச் சுட்டதும் கீழே போட்டாள்.

லட்சுமணசாமி சிரித்தார். கூடப் பிறந்த வெங்கடலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாலுசாமி முதலாளிக்காகச் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக் கைதட்டியது ஹாரிகா, மகள். "அம்மா, ஹைட்ரஜன் அம்மா!" என்றாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயர்தான். "ஹைட்ரஜன், காப்பி." "ஹைட்ரஜன், துண்டு எங்கே?" தறிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். காய்கறி வண்டிக்காரன் எங்கிருந்தோ கேட்டுவிட்டு, "ஹைட்ரசன் அக்கா ஊட்டுக்கு முருங்கக்காய் வேணுமுங்களா?" என்று வெகு மரியாதையாகவே கேட்டான். ஒருநாள் அவள் தாங்க மாட்டாமல், "வேண்டாமுங்க, வயசுப் புள்ளை முன்னால இப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "இனிமே பேட்டரியைப் பத்தி ஒரு வார்த்தை உன்ற வாயில வந்துச்சு, காங்கேயம் பஸ்ஸுல ஏத்திவுட்டுப்போட்டுத்தான் மறுவேலை" என்றார் அவர். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஹாரிகாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கல்லூரியில் சேர்ந்து, அந்தக் கோடையில் காரோட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அப்பா செல்லம், 'நைனா, நைனா' என்று அவர் பின்னாலேயே திரிவாள். முகத்தில் முதலில் தெரிவது கண்தான். அந்தக் கண்ணுக்குத் தினமும் காலையில் மை தீட்டிவிடுவது ராமாமணி. தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டுவாள். அந்தச் சித்த நேரம் மட்டும் மகள் கேலி பேசாமல் இருப்பாள், பேசினால் மை அழிந்துவிடும் என்பதால். ராமாமணிக்கு நாளில் பிடித்த நேரம் அதுதான்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு சுந்தரராஜுலு பெரிய ஏற்பாடு செய்தார். தறிகளுக்குப் பூஜை முடிந்ததும் காருக்குப் பூஜை. பானெட்டைத் தூக்கி இஞ்சினுக்குக் கற்பூரம் காட்டியதும், சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுப்பது ஹாரிகா. லட்சுமணசாமி குடும்பத்தை வரச் சொல்லியாயிற்று. பெருந்துறைச் சிரிப்புக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். சாவியைத் திருகினால் ஒரே திருகில் கிளம்ப வேண்டும். முந்தின நாள் திருகிப் பார்த்தார். கார் முக்கக்கூட இல்லை.

வழக்கம்போல ஷட்டரை இழுத்துவிட்டு, பெட்டியை மாட்டி, 'ஹை'யில் வைத்தார். ராத்திரி முழுக்க ஏறட்டும் என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ராமாமணி மகளைச் சாப்பிடக் கூப்பிட ஷெட்டுக்குப் போனாள். ஹாரிகா ஒரு கிண்ணம் நிறையச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, காருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்கு, கதவுக்கு, ஸ்பேனர் ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் வைத்து முடித்து, தூக்கிவைத்த பானெட்டுக்குள் குனிந்திருந்தாள்.

"அம்மா, இங்க வந்து பாரு. அழகா இருக்குதில்ல?"

பேட்டரிக்கு மேலே வரிசையாக ஆறு மூடி. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை உண்டு. உள்ளே உண்டாகும் வாயு வெளியே போக வைத்த வழி அது. ஆறு மூடிக்கும் நட்ட நடுவில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தாள் ஹாரிகா. சந்தனம் ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. அடியில் களகளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. மூக்கும் வாயும் பொத்தப்பட்ட ஒரு பிராணியைப் பார்க்கிற மாதிரி இருந்தது ராமாமணிக்கு.

வாயைத் திறந்தாள். "கண்ணு, அந்த ஓட்டை மேல..."

"ஐயோ, ஹைட்ரஜன் ஆரம்பிச்சிருச்சு!" ஹாரிகா சந்தனக் கையைக் காதில் வைப்பதுபோல் நடித்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதம்மா. நைனாவைக் கூப்பிட்டுருவேன்."

திறந்த வாயை ராமாமணி மூடிக்கொண்டாள். ஒரு துணியை நனைத்து ஆறு பொட்டையும் துடைத்துவிடலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மகள் தூங்கிய பிறகு வந்துகூடத் துடைக்கலாம். அவள் துடைக்கவில்லை.

சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டே அவள் நினைத்தது இதுதான். நாளைக்குக் கற்பூரத் தட்டை எடுப்பவர் அவர். எல்லா வருஷமும் அவர்தான், வேறு ஆளைத் தொடவிட மாட்டார். ஒரு சத்தம் கேட்கும். ஆறில் ஒரு மூடி எகிறும். நாலு சொட்டு ஆசிட் தெறித்து அந்தப் பட்டு வேட்டியில் ஓட்டை விழும். கையில் கொஞ்சம் எரியும். லட்சுமணசாமி பார்ப்பார், அக்கா பார்ப்பாள், பாலுசாமி பார்ப்பான். அவர் துள்ளும்போது நான் போய்த் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசாமல் ஊற்றுவேன். அப்போது தெரியட்டும்.

இப்படி நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பல மாசத்துக்குப் பிறகு வந்த சந்தோஷம். தோசை அன்றைக்கு நன்றாக வந்தது என்று புருஷனே சொன்னார்.

காலையில் எழுந்ததும் இரண்டு வாளி எடுத்தாள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் பலகாரத்துக்கு வாங்கிவைத்த சோடா உப்பை ஒரு பொட்டலம் முழுக்கக் கொட்டிக் கலக்கினாள். ஆசிட்டுக்கு மாற்று அதுதான் என்று படித்தது மறக்கவில்லை. இரண்டையும் தூக்கிவந்து ஷெட் ஓரத்தில் வைத்தாள்.

"இதெதுக்கு இங்க?" என்றார் சுந்தரராஜுலு.

"பூஜைக்கு வாரவங்க கை கால் கழுவறதுக்குங்க."

விருந்தாளிகளின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவர் பரபரப்பாகப் பெட்டியைக் கழற்றினார். வழக்கம்போலச் சுவிட்சை அணைக்காமலேதான். பொறி பறந்த சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. ராமாமணி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஹைட்ரஜன்! இன்னும் உசுரோடத்தான் இருக்கேன்!" என்ற குரலும் அதன் பின்னாலேயே வந்தது. பெட்டி டிக்கிக்குள் போனது. பானெட் மூடியது. ஷட்டர் மேலே ஏறியது. சார்ஜ் போட்ட சுவடே இல்லை. அவளுக்குச் சின்ன ஏமாற்றம்கூட இருந்தது. அப்புறம் அந்தச் சந்தனம் ஞாபகம் வந்தது. வெளிப்போக வழி இல்லாமல் உள்ளேயே அடைந்து கிடக்கும், பெட்டியைக் கழற்றினாலும் கிடக்கும் என்று தேறுதல் சொல்லிக்கொண்டாள்.

தறிகளுக்குப் பூஜை ஆயிற்று. பொரியும் கடலையும் கைக்குக் கை போயிற்று. எல்லாரும் ஷெட்டு முன்னால் கூடினார்கள். பாவாடை தாவணியில், புது மை தீட்டிய கண்ணோடு ஹாரிகா வந்தாள். பொரி சாப்பிட்ட கையை ஓரத்து வாளியில் அலம்பினாள்.

"ஏம்மா, தண்ணி வழவழங்குது?"

"சோடா உப்புப் போட்டிருக்கேன் கண்ணு. எண்ணெய்ப் பிசுக்குப் போறதுக்கு."

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் சுற்றியாயிற்று. பாலுசாமி பானெட்டைத் தூக்கிப் பிடித்தான். செவ்வந்தி மாலைக்கு நடுவே பேட்டரியின் ஆறு பொட்டும் காய்ந்து கெட்டியாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. சுந்தரராஜுலு தட்டில் கற்பூரத்தைக் குவித்துப் பற்றவைத்தார். ராமாமணி அவருடைய வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓரடி முன்னால் வைத்தார். நின்றார். சகலையைத் திரும்பிப் பார்த்து, மகளையும் பார்த்தார். முகம் அப்படியே இளகிப்போனது. அந்த மனுஷனுக்கும் இளகுகிற இடம் ஒன்று இருந்தது, அது அந்த மகள்தான்.

"இன்னைக்கு வண்டி உன்றது கண்ணு. நீயே காட்டு சாமி."

தட்டு கை மாறியது.

"வேண்டாம்!" ராமாமணி கத்தினாள். கத்திய வேகத்தில் முன்னால் நின்ற அக்காவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "ஹாரிகா, வேண்டாம்! அதைக் கீழ போடு! பேட்டரி வெடிச்சுப்போகும்!"

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்புறம் ஷெட்டே சிரித்தது. "வந்துட்டாங்கையா விஞ்ஞானி" என்றார் லட்சுமணசாமி. "இன்னைக்காச்சும் சும்மா இருக்கமாட்டியா மணி?" என்று வெங்கடலட்சுமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சுந்தரராஜுலு இரு கையையும் விரித்து அவள் வழியை மறித்து நின்று, "புடிங்க, புடிங்க, ஹைட்ரஜனைப் புடிங்க!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆடியில் அவர் சொல்லிக்கொடுத்த சிரிப்பு. எல்லாருக்கும் நன்றாகப் பழகியிருந்தது.

ஹாரிகாவும் சிரித்தாள். அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"அப்போ ஹைட்ரஜனுக்கே முதல் தீபாராதனை!"

சிரித்துக்கொண்டே பானெட்டுக்குள் குனிந்து, தட்டைப் பேட்டரிக்குப் பக்கத்தில், ஆறு பொட்டுக்கும் மேலே தாழ்த்தி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தறிக்கூடத்தில் வேலை நடந்திருந்தால் அந்தச் சத்தம் வெளியே கேட்டிருக்காது என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அங்கே இல்லாதவர்கள். இருந்தவர்களுக்குக் காது அடைத்துப்போனது. பேட்டரியின் மேல்பாகம் முழுதும் பிய்ந்து தூக்கியது. ஒரு மூடி மட்டும் எகிறும், நாலு சொட்டுத் தெறிக்கும் என்று ராமாமணி போட்ட கணக்கெல்லாம் அடுக்களைக் கணக்கு. சுந்தரராஜுலுவின் வேட்டியில் ஒரு சொட்டுப் படவில்லை.

ஹாரிகா முதலில் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து, "அம்மா, கண்ணு" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம்தான் கத்தினாள்.

மற்றவர்கள் அலறிக்கொண்டு நின்றபோது, ஓடிப்போய் அவளைத் தரையில் சாய்த்துத் தலையை மடியில் வைத்தது ராமாமணிதான். தினமும் மை தீட்டப் பிடிக்கிற அதே தாடையைப் பிடித்து, கையை விலக்கி, இமையை விரலால் பிரித்து, நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கழுத்திலும் கையிலும் சோடா தண்ணீரை ஊற்றினாள். நுரைத்துக்கொண்டு ஓடியது. மை கரைந்து கன்னத்தில் கருப்பாக வழிந்தது. நேற்று நினைத்தபடியே ஒரு வார்த்தைகூடப் பேசாமல்தான் ஊற்றினாள்.

சுந்தரராஜுலு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் காருக்குள் பாய்ந்து சாவியைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். பேட்டரி இல்லாத கார் எப்படிக் கிளம்பும்? லட்சுமணசாமிதான் கதவைத் திறந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து, தன்னுடைய வேனில் எல்லாரையும் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு விரட்டினார். நசுங்காத எலுமிச்சம்பழம் அன்றைக்கு முழுக்கச் சக்கரத்துக்கு அடியிலேயே கிடந்தது.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, கட்டைப் பிரித்த பிறகுதான் எவ்வளவு என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதைச் சொன்ன கையோடு, ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த நல்ல மனுஷர் இன்னொன்றும் சொன்னார்.

"உடனே தண்ணி ஊத்துனது நல்லதாப் போச்சுங்க. இல்லாட்டி ரெண்டு கண்ணுமே தப்பியிருக்காது. கழுத்துலயும் கையிலயும் சோடா உப்புத் தண்ணி ஊத்துனது யாருங்க? தோல் இந்த அளவுக்குத் தப்பிச்சதே அதனாலதான். இவ்வளவு சீக்கிரம் கலக்கி ஊத்தோணும்னு யாருக்குமே தோணாது."

சுந்தரராஜுலு சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்ததும் ஆள் மாறிவிட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் ஹைட்ரஜன் என்ற சொல் வரவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி கெமிஸ்ட்ரி படிச்சவங்க. அவ சொன்னதைக் கேக்காம நாந்தான் பாவி ஆயிட்டேன். அவ மட்டும் இல்லாட்டி எம் புள்ளைக்கு ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கும்பிட்டார். ராமாமணி இருபது வருஷமாக ஏங்கிய வார்த்தை இது. இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் ஏதாவது சாக்குச் சொல்லி அறையைவிட்டு வெளியே போனாள்.

ஒரு மத்தியானம் அறையில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். ராமாமணி சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"நைனா இருக்காரா?"

"இல்ல. கீழ போயிருக்காரு. பெரியப்பா பெரியம்மா வாராங்களாம்."

இரண்டு கண்ணிலும் கட்டு இருந்ததால் ஹாரிகா தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று வெளியே தெரியாது.

"அந்த வாளித் தண்ணி வழவழன்னு இருந்துச்சு. பொரி தின்னுபோட்டுக் கை அலம்புனேன். அது பூஜைக்கு முந்தி."

ராமாமணியின் கை பழத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"எண்ணெய்ப் பிசுக்குக்குன்னு சொன்னே. டாக்டரு ஆசிட்டுக்குன்னு சொல்றாரு."

"கண்ணு..."

"நான் பொட்டு வெச்சப்பவே உனக்குத் தெரியும்."

"கத்துனேனே சாமி. ஓடியாந்தேனே. ஒருத்தரும் உடல. எல்லாரும் சேர்ந்து சிரிச்சாங்களே..."

"தட்டு என்ற கைக்கு வந்த பொறவுதானேம்மா கத்துனே." ஹாரிகாவின் குரலில் கோபம் இல்லை. "நைனா கையில இருந்தப்ப நீ கத்தல."

நீயும்தானே சிரித்தாய், நீயும்தானே அந்தப் பெயரைச் சொன்னாய் என்று ராமாமணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எந்தத் தாயால் முடியும்? கட்டில் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாதம்மா. நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ஹாரிகா. "நீ என்கிட்டச் சொல்லாம இருந்தியில்ல, அது மாதிரி."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ராமாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுந்தரராஜுலு கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் பின்னால் லட்சுமணசாமி, வெங்கடலட்சுமி, அவர்களோடு பெருந்துறையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். எல்லார் கையிலும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருந்தன. சுந்தரராஜுலு பெண்டாட்டியின் தோளில் கை வைத்தார். ஊரார் முன்னால் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"எம் மகளைக் காப்பாத்துனது இவங்கதானுங்க. நாங்க பத்துப் பேரு மசையாட்டம் முழிச்சுக்கிட்டு நின்னோம். இவ ஒருத்திக்குத்தான் மூளை வேலை செஞ்சுது." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு ராமாமணி. அந்த நேரத்துல எப்படி உனக்குச் சோடா உப்பு ஞாபகம் வந்துச்சு?"

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட முகத்தைத் தலையணையில் அம்மா நின்ற பக்கமாகத் திருப்பி, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஹாரிகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.